சிங்கன் கண்ணியில் சிக்காத பறவைகள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தென்காசிச் சீமையில் பறவைகளைப் பற்றிப் பேசப் புகுவோர்க்கு மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரே முதல் வழிகாட்டி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை அறியாதவர் இந்த அவையில் இருக்க முடியாது. வசந்தவல்லி பந்தாடிய அழகையும், குறத்தி மலைவளம் கூறிய திறத்தையும் மேடைதோறும் கேட்டு வருகிறோம். அந்நூலுக்காக மதுரை நாயக்கர் முத்துவிசயரங்க சொக்கநாதர் குறவஞ்சிமேடு என்னும் நன்செய் நிலத்தை வழங்கினார் என்பதையும் பெருமையுடன் சொல்லி வருகிறோம். ஆனால், நூலின் பிற்பகுதியில் சிங்கன் பறவை பிடிக்க வரும் இடம் மேடைகளில் அத்துணை இடம் பெறுவதில்லை. குறத்தியின் புகழொளியில் குறவன் மங்கிப்போனான் எனலாம்.

அந்த இடத்தில் நிகழ்வது என்ன? சிங்கன் வருகிறான், அவன் தோழன் நூவன் உடன் வருகிறான். திரிகூடநாதருக்கு உரிய வயல்களில் பறவைகள் வந்து இறங்குகின்றன. குருகு, நாரை, அன்னம், தாரா, கூழைக்கடா, செங்கால் நாரை என்று கவிராயர் பெயர்பெயராக அடுக்குகிறார். வருவதும், மேய்வதும், அமர்வதுமாகப் பறவைகள் பாட்டை நிறைக்கின்றன. சிங்கன் கண்ணி கேட்கிறான். ஆனால் அவன் மனமோ பிரிந்துபோன சிங்கியைச் சுற்றுகிறது. கடைசியில் பறவைகள் பறந்துபோகின்றன. வேட்டை தோற்கிறது, நகைச்சுவை வெல்கிறது.

அந்தப் புள்வரிசையில் மூன்று பெயர்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்ளலாம்: கூழைக்கடா, அன்னம், செங்கால் நாரை. மூன்றும் மூன்று பெருங்கதைகளுக்கு வாயில்கள்.

கூழைக்கடாவும் மேலைநாட்டு உயிர்நூல்களும்

இடைக்கால ஐரோப்பாவில் உயிர்நூல் என்று சொல்லத்தக்க ஒரு நூல்வகை செழித்திருந்தது. விலங்கு, பறவை, மீன், மரம், கல் என ஒவ்வொன்றின் இயல்பையும் சொல்லி, அதன்வழி ஓர் அறத்தையோ சமயக் கருத்தையோ விளக்குவது அதன் முறை. கிறித்துவ ஊழியின் முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் தோன்றிய பிசியோலோகஸ் என்னும் சிறு நூலே இதற்கு மூலம். அதனோடு 7ஆம் நூற்றாண்டில் செவில் நகர ஆயர் இசிடோர் தொகுத்த சொற்பிறப்புக் களஞ்சியத்தின் செய்திகளும் சேர்ந்து, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் பொன்னும் வண்ணமும் தீட்டிய ஏடுகளாக இவை பெருகின. அபர்டீன் பல்கலைக்கழகத்தில் உள்ள ஏடு, ஏறத்தாழ 1200இல் எழுதப்பெற்றது, இவ்வகையில் புகழ்பெற்றது. பிரான்சு நாட்டுத் துறவி ஹியூ பறவைகளுக்கென்றே தனிநூல் ஒன்று செய்தார். எழுதப் படிக்கத் தெரியாத மடத்துச் சகோதரர்களும் படங்களைப் பார்த்து உணரவேண்டும் என்பது அவர் நோக்கம்.

இந்நூல்களில் தலைமை பெற்ற பறவைகளுள் ஒன்று நம் கூழைக்கடா. தாய்ப்பறவை சினத்தால் குஞ்சுகளைக் கொன்றுவிடுகிறது. மூன்றாம் நாள் தன் மார்பைத் தானே கொத்திக் கிழித்து, அக்குருதியைத் தெளித்து அவற்றை உயிர்ப்பிக்கிறது என்பது கதை. இதனைக் கிறித்துவின் தியாகத்துக்கு உவமையாகக் கொண்டார்கள். தேவாலயங்களின் கல்லிலும் கண்ணாடியிலும் மரத்திலும் மார்பைக் கொத்தும் கூழைக்கடா இடம்பெற்றது. கதை எங்கிருந்து பிறந்தது? கூழைக்கடா தன் தாடைப்பையில் இருக்கும் இரையைக் குஞ்சுக்குக் கொடுக்கும்போது அலகை மார்போடு அழுத்துவதுண்டு. ஐரோப்பிய இனம் ஒன்றுக்கு இனப்பெருக்கக் காலத்தில் அப்பை செந்நிறமாகும். யாரோ ஒருவர் தொலைவிலிருந்து கண்ட காட்சி, அருகில் சென்று பார்க்காமலேயே மறைபொருளாயிற்று என்று விளக்குவார்கள்.

கலாட்ரியஸ் என்றொரு வெண்பறவை. அரண்மனையில் வளர்வது. நோயாளியின் முகத்தை அது நோக்கினால் நோய் தீரும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர் பிழையார். கொக்கு இரவுக் காவலின்போது ஒரு காலில் கல்லைப் பிடித்துக்கொள்ளும். கண் அயர்ந்தால் கல் விழுந்து விழிப்பூட்டும். வடகடலோரத்துக் காட்டுவாத்து ஒன்று முட்டையிலிருந்து பிறப்பதில்லை, கடலில் மிதக்கும் மரக்கட்டையில் காய்த்துத் தொங்கி வளர்கிறது என்று 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு எழுதினார். அவ்வாத்து துருவப் பகுதியில் கூடு கட்டுவது. அதன் கூட்டை அந்நாட்டார் யாரும் கண்டதில்லை. காணாத இடத்தைக் கதை நிரப்பியது. மரத்தில் காய்ப்பது இறைச்சியாகாது என்று நோன்பு நாட்களில் அதனை உண்டவர்களும் உண்டு.

இக்கதையை மறுத்தவர் யார் என்பது கருதத்தக்கது. 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் வல்லூறு கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அவர் வடநாட்டுக்கு ஆளனுப்பி, அந்த மரக்கட்டைகளை வருவித்து ஆராய்ந்து, வாத்துக்குரிய உருவம் எதுவும் அவற்றில் இல்லை என்று பதிந்தார். ஏட்டை நம்பியவர்கள் வாத்தை மரத்தில் காய்க்கவிட்ட காலத்தில் வேட்டைக்காரரின் கண் உண்மையைத் தேடிச் சென்றது. சிங்கனை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஏட்டுப் பறவைகள்

மேலைநாட்டாரைப் பார்த்து நகைக்கும் உரிமை நமக்கு எளிதில் கிடைத்துவிடாது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், நிலவை உண்ணும் சகோரம், மழைத்துளியன்றி வேறொன்றையும் பருகாத சாதகம், யாழிசையில் மயங்கிப் பறையொலியில் உயிர்விடும் அசுணம் என நம்மிடமும் ஓர் உயிர்நூல் உண்டு. அது தனி ஏடாக இல்லாமல் உவமைகளாகச் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவே வேறுபாடு. அசுணம் விலங்கா பறவையா என்பதே வழக்காக நிற்கிறது.

திவாகரம், பிங்கலம், சூடாமணி ஆகிய நிகண்டுகள் விலங்கின் பெயர்த்தொகுதியிலேயே பறவைப் பெயர்களையும் அடக்கின. அவை அறம் உரைக்கவில்லை; பெயர்களை மட்டும் காத்தன. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆயினும் நிகண்டை மனப்பாடம் செய்த பிற்காலப் புலவர்க்குப் பறவை ஒரு சொல்லாகவே எஞ்சியது. சகோரம் என்பது மேற்கு இமயச் சாரலின் கற்பாறைகளில் வாழும் கவுதாரி இனம். தமிழ்நாட்டில் அது இல்லை. அதனைப் பார்த்தறியாத நூற்றுக்கணக்கான புலவர்கள் அதன் நிலாப் பசியைப் பாடினர்.

சாதகத்தின் செய்தி வேறு. சுடலைக்குயில் என்று நம்மவர் கூறும் பறவையே வடநூலாரின் சாதகம். வடநாட்டில் அது தென்மேற்குப் பருவமழையோடு வந்து சேர்வது. மழைத்துளியை மட்டும் பருகுகிறது என்பது கற்பனை. மழைக்கு முன்னோடி என்பது உண்மை. நல்ல கட்டுக்கதையின் உள்ளே பெரும்பாலும் இப்படி ஒரு விதை இருக்கும். விதை இருக்கும்வரை கதைக்கு உயிருண்டு. விதையை மறந்தபின் கதை வெறும் உமியாகிவிடும்.

ஒரே கதை இருவேறு வகையில் பயன்படுவதையும் காணவேண்டும். ஓருடலும் இருதலையும் கொண்ட பறவை ஒன்று உண்டு. பஞ்சதந்திரத்தில் ஒரு தலை கனியை உண்டு மறுதலைக்குத் தர மறுக்கிறது, சினந்த மறுதலை நஞ்சை உண்கிறது, இரண்டும் மடிகின்றன. பகைமைக்கு அது பாடம். அகநானூற்றில் கபிலர் இதே இருதலைப் புள்ளைத் தலைவி தோழியரின் ஓருயிர் நட்புக்கு உவமையாக்குகிறார். உடல் ஒன்று என்ற செய்தியிலிருந்து ஒருவர் பிளவைக் கண்டார். மற்றவர் பிரியாமையைக் கண்டார்.

பறக்கும் அன்னம், நடக்கும் நாரை

இப்போது சிங்கனின் இரண்டாம் பறவைக்கு வருவோம். புறநானூற்றில் பிசிராந்தையார் அன்னச் சேவல் ஒன்றைக் கோப்பெருஞ்சோழனிடம் தூது விடுகிறார். அந்த அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கவில்லை. குமரித் துறையில் அயிரை மீனை உண்டு, வடமலை நோக்கிப் பறக்கிறது. இடையில் உறையூர் வருகிறது. புலவர் பறவைக்கு எந்த அற்புதத்தையும் ஏற்றவில்லை. அது செல்லும் வழியை மட்டும் கவனித்தார். அந்த வழி போதும், நட்பின் நெடுந்தொலைவைச் சொல்ல.

இமயத்துக்கு அப்பால் முட்டையிட்டுக் குளிர்காலத்தில் தமிழகத்துக்கு வரும் வரித்தலை வாத்து இன்றும் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு வருகிறது. அதன் வலசையில் 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்ததைக் கருவி பொருத்தி அறிவியலார் பதிந்துள்ளனர். பிசிராந்தையாரின் அன்னம் இதுவே என்று அறுதியிட இயலாது. ஆனால் குமரிக்கும் இமயத்துக்கும் இடையே ஒரு பறவை பறக்கும் என்ற அவர் கூற்று கற்பனையன்று என்பதற்கு இவ்வாத்து சான்று.

மூன்றாம் பறவை செங்கால் நாரை. சத்திமுற்றப் புலவர் மதுரையில் குளிரிலும் வறுமையிலும் வாடியபோது வானில் கண்டு தன் மனைவிக்குத் தூதனுப்பிய நாரை அது. காலின் சிவப்பையும், பவளம் போன்ற அலகையும் சொல்லி, அலகின் வடிவத்துக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமையாக்குகிறார். பனங்கிழங்கைப் பிளந்து தின்றவர்க்கே தோன்றும் உவமை அது. தென்திசைக் குமரிக்குச் சென்று துணையோடு வடக்கே திரும்பும் பறவை என்றும் கூறுகிறார். இக்குறிப்புகள் அனைத்தும் குளிர்கால விருந்தாக வரும் வெண்ணாரைக்குப் பொருந்துகின்றன.

அதே வெண்ணாரை ஐரோப்பாவிலும் உண்டு. கோடையில் கூரைமேல் கூடு கட்டும் அது குளிரில் எங்கே மறைகிறது என்பது அங்கு நெடுங்காலம் வினாவாக இருந்தது. 1822இல் செருமனியில் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி பாய்ந்த நிலையில் ஒரு நாரை கண்டெடுக்கப்பட்டது. அது பறவை வலசைக்குக் கண்கண்ட சான்றாயிற்று. ரோஸ்டாக் பல்கலைக்கழகத்தில் அந்நாரை இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஈட்டி தாங்கி வந்த நாரை சொன்ன செய்தியின் ஒரு பாதியைத் தூது தாங்கிச் சென்ற நாரை தமிழில் முன்பே சொல்லிவிட்டது.

அன்றிலையும் இவ்வரிசையில் சேர்க்கவேண்டும். இணை பிரிந்தால் உயிர்வாழாத பறவை என்ற அளவில் அதனை அறிவோம். குறுந்தொகையோ அதன் செந்தலையையும், இறால் போல் வளைந்த அலகையும், இரவில் எழும் குரலையும் காட்டுகிறது. பனைமரத்தை அதன் உறைவிடமாகச் சங்கப் புலவர் பாடினர். சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்த பி.எல். சாமி முதலியோர் அரிவாள் மூக்கன் இனத்தில் அதனைத் தேடியது இவ்வடையாளங்களைக் கொண்டே. கண்ணால் கண்டதைப் புலவர் எழுதியிராவிட்டால் அன்றிலும் கலாட்ரியஸ் போலப் படத்தில் மட்டுமே வாழ்ந்திருக்கும்.

நாட்டார் நம்பிக்கை கவிதையாகும்போதும் இதே நெறி செயற்படுகிறது. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்பது இன்றும் நம் வீட்டு முற்றத்து நம்பிக்கை. குறுந்தொகையில் தலைவன் திரும்பி வந்தபோது, அவன் வரவைக் கரைந்து அறிவித்த காக்கைக்கு நெய்ச்சோறு மிகுதியாக இட்டாலும் அது சிறிதே என்கிறாள் தோழி. அப்பாட்டால் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர் பெற்றார். சகுனம் பலித்ததா என்பது அங்கே வினாவன்று. காத்திருந்த நாட்களில் அவளுக்குத் துணை நின்றது யார் என்பதே செய்தி.

கண்ணியின் மறுபக்கம்

இனி, சிங்கனின் கண்ணிக்குத் திரும்புவோம். தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் ஆள்காட்டிப் பாட்டை இங்குள்ளோர் பலர் கேட்டிருப்பீர்கள். எங்கே முட்டையிட்டாய் என்ற வினாவோடு தொடங்குவது அது. பரவலாக வழங்கும் ஒரு வடிவத்தில், இட்ட முட்டை நான்கு. பொரித்த குஞ்சு மூன்று. ஒவ்வொரு குஞ்சுக்கும் இரை தேடித் தாய்ப்பறவை மலை மலையாகச் சுற்றுகிறது. அதனைப் பார்த்திருந்தவன் கண்ணி வைக்கிறான். கால்கள் அகப்படுகின்றன, சிறகுகள் மாரடித்துக்கொள்கின்றன, அழுத கண்ணீர் ஆறாகப் பெருகுகிறது.

ஆள்காட்டிப் பறவை தரையில், கற்களுக்கிடையே, கல்லின் நிறத்தில் பெரும்பாலும் நான்கு முட்டைகளே இடும். பறவைநூலார் எழுதும் எண்ணும் பாட்டில் வரும் எண்ணும் ஒன்றே. கண்ணீர் ஆறாவது கற்பனை. முட்டை நான்கு என்பது கண்டறிந்தது. எழுத்தறியாத தாய்மார் வாய்வழி காத்த இப்பாட்டில் உண்மையும் புனைவும் ஒரே கூட்டில் இருக்கின்றன.

கண்ணி வைத்தவன் பக்கம் நின்று பாடியது குறவஞ்சி; கண்ணியில் சிக்கியது பக்கம் நின்று பாடியது நாட்டுப்புறத் தாய். கவிராயர் பாட்டில் பறவைகள் தப்புகின்றன, நாம் சிரிக்கிறோம். இப்பாட்டில் பறவை தப்பவில்லை, நாம் கலங்குகிறோம். நற்றிணையிலும் வேட்டுவன் விரித்த வலைக்கு வெருவி நெடுங்காற் கணந்துள் குரலெழுப்புகிறது. கணந்துள் என்பதை ஆள்காட்டியாகக் கொள்வாரும் உளர். அப்படியாயின், இந்த வலையும் இந்தக் குரலும் ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுடையவை.

ஆயினும் சிங்கனைக் கொடியவனாக்கி நிறுத்திவிட இயலாது. நிகண்டில் இருப்பது பறவையின் பெயர். எந்த நீர்நிலையில், எந்தப் பொழுதில், எப்படி இறங்கும் என்பது சிங்கனிடமே இருந்தது. வயிற்றுக்காகப் பறவையைப் பார்த்தவன், உவமைக்காகப் பார்த்தவனைவிடக் கூர்ந்து பார்த்தான். கவிராயர் அவ்வறிவை அவனிடமிருந்து பெற்று நூலுக்கு அழகு சேர்த்துக்கொண்டார். அவர் நன்செய் பெற்றார்; சிங்கன் மரபினர் பெற்றது என்ன? 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம் பின்னர்ச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டு, குறவர் பிரிவினர் பலரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பட்டியலிட்டது. 1952இல்தான் அது முற்றும் நீங்கியது. சிங்கனுக்கும் ஒருவர் கண்ணி வைத்திருந்தார் என்பதை அவன் பகுதியை நகைச்சுவையாக மட்டும் படிக்கும்போது மறந்துவிடுகிறோம். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டுப்பறவைகளைக் கண்ணி வைத்துப் பிடிப்பது குற்றம். அது வேண்டிய சட்டமே. ஆனால் கண்ணியோடு சேர்த்து அக்கண்ணின் அறிவையும் இழக்க வேண்டியதில்லை.

எஞ்சியிருப்பவை

அறிவு இழக்கப்படாத ஓர் ஊர் நம் அருகிலேயே உள்ளது. நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்புக்கு நெடுங்காலம் முன்பே ஊரார் பறவைகளைத் தம் விருந்தாகக் கொண்டிருந்தனர். வீட்டருகு மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு வெடி வெடிப்பதை ஊரார் தவிர்க்கின்றனர். பறவையின் எச்சம் கலந்த குளத்துநீரும் வண்டலும் வயலுக்கு உரமாகின்றன. பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்நம்பிக்கையில் விதையும் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. ஐரோப்பாவின் தேவாலயக் கண்ணாடியில் குருதி சிந்திய கூழைக்கடா, இங்கே வேப்பமரத்தோரத்தில் குஞ்சுக்கு மீன் ஊட்டுகிறது. தியாகம் என்று யாரும் அதற்குப் பெயரிடவில்லை, கல்லெறியாமல் காத்தார்கள்.

நெல்லையில் 1912இல் பிறந்து, 1996இல் மறைந்த மா. கிருஷ்ணன் இலக்கியப் புலமையும் காட்டறிவும் ஒருங்கே வாய்த்தவர். பறவைகளைப் பற்றித் தமிழில் எழுதுவதற்கு நம் பழஞ்சொற்களே போதுமானவை என்பதை அவர் கட்டுரைகள் மெய்ப்பித்தன. அவ்வழியில் தொடர்ந்தோர் சிலரே.

கவிஞர் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்னநடையும் அன்றில் இணையும் இன்றும் கவியரங்குகளில் உலா வருகின்றன. வரட்டும், அவை நம் பாட்டன் சொத்து. ஆனால் கவியரங்கம் முடிந்து வீடு திரும்பும் வழியில், சிற்றாற்று வயலில் நிற்கும் பறவைக்குப் பெயர் தெரியாமல் எல்லாவற்றையும் கொக்கு என்று சொல்லிவிட்டு நடந்தால், நாமும் அந்த இடைக்கால ஏடெழுதிகளைப் போன்றவர்களே. அவர்கள் காணாததைக் கதையால் நிரப்பினர். நாம் கண்ணெதிரே உள்ளதைக் காணாது விடுகிறோம்.

வயல்கள் மனைகளாகும் காலம் இது. பறவை ஓர் ஊரை விட்டு நீங்கும்போது முரசறைந்து நீங்குவதில்லை. முதலில் அதன் பெயர் பேச்சிலிருந்து போகிறது. பெயர் போனபின் அது வராததை யாரும் கவனிப்பதில்லை. குறவஞ்சியின் புள்வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் உரிய பறவையை நம் குளங்களில் தேடிக் குறித்துவைப்பதை இவ்வட்டம் பதினோராம் ஆண்டின் பணியாக மேற்கொள்ளலாம். வயலில் உழைக்கும் முதியோரிடமும், மலைச்சாரல் மக்களிடமும் வழக்குப் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கலாம். நிகண்டு செய்த முன்னோருக்கு அதைவிடச் சிறந்த நன்றிக்கடன் இல்லை.

கவிராயர் தம் பறவைகளைக் கண்ணியிலிருந்து பறக்கவிட்டார். அவை திரும்பி வந்து இறங்குவதற்கு வயலும் குளமும் வேண்டும்; இறங்கியதும் இன்னாரென்று பெயர் சொல்லி அழைக்க ஒருவரேனும் வேண்டும்.